எந்தக் காயின் எந்த வேலைக்கு? கிரிப்டோ கேள்வி – பதில்

கிரிப்டோ நாணயங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு வாசகர்கள் கேட்டவற்றுக்கு மட்டும் இந்த முறை பதில் தருகிறோம். "எதை வாங்கினால் விலை ஏறும்?" என்ற கேள்விகளை எடுத்துக்கொள்ளவில்லை. அதை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஒரு காயின் என்ன வேலை செய்கிறது, அந்த வேலைக்கு யார் கூலி தருகிறார்கள், அந்தக் கூலி யார் கைக்குப் போகிறது என்பவற்றைச் சொல்ல முடியும்.

கேள்வி: பிட்காயின், எத்தீரியம், சொலானா, எக்ஸ்ஆர்பி ஆகிய நான்கில் நீண்ட காலம் நிற்கக்கூடியது எது? வரிசைப்படுத்திச் சொல்லுங்களேன்.

பதில்: நான்கும் ஒரே வேலையைச் செய்தால் வரிசைப்படுத்துவது சுலபம். பிட்காயின் ஒரு கணக்குப் புத்தகம். அதில் மொத்தம் 2.1 கோடி நாணயங்களுக்கு மேல் வராது. சராசரியாக 10 நிமிடத்துக்கு ஒரு பிளாக் (பரிவர்த்தனைகளின் ஒரு தொகுப்பு), நொடிக்கு ஏறக்குறைய 7 பரிவர்த்தனை, அவ்வளவுதான் அதன் வேகம். சில்லறைச் செலவுக்கு அது நேரடியாகத் தோதுப்படாது. லைட்னிங் போன்ற மேல்தளங்கள் அந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்கின்றன. விதிகளை யாரும் எளிதில் மாற்றிவிட முடியாது என்பதுதான் அதன் பலம்.

எத்தீரியத்தில் பணத்தோடு நிரல்களும் ஓடுகின்றன. கடன் கொடுக்கல் வாங்கல், டோக்கன் (அதன் மேல் பிறர் வெளியிடும் நாணயம்) மாற்று, ஸ்டேபிள்காயின் (டாலர் போன்ற ஒன்றின் மதிப்போடு கட்டப்பட்ட காயின்) எல்லாம் அதன் மேல் நடக்கின்றன. சொலானாவும் அதே வேலையைத்தான் செய்கிறது. வேகம்தான் வித்தியாசம்: 400 மில்லிசெகண்டுக்கு ஒரு ஸ்லாட் (ஒரு பிளாக்குக்கான நேரம்), ஒரு கையொப்பத்துக்கு அடிப்படைக் கட்டணம் 0.000005 சோல் (சொலானாவின் காயின்). அந்த வேகத்துக்கு ஈடாக, பரிவர்த்தனைகளைச் சரிபார்ப்பவர்கள் விலை உயர்ந்த கணினிகளும் மிக வேகமான இணைய இணைப்பும் வைத்திருக்க வேண்டும். எக்ஸ்ஆர்பி லெட்ஜர் 2012-லிருந்து ஓடுகிறது. பணம் அனுப்பினால் 3 முதல் 5 விநாடியில் முடிந்துவிடும்.

பலர் சறுக்குவது இதற்கு அடுத்த படியில்தான். நெட்வொர்க் பயன்படுவது வேறு, அதன் காயினுக்கு மதிப்புச் சேர்வது வேறு. எக்ஸ்ஆர்பியில் ஒரு பரிவர்த்தனைக்குக் குறைந்தபட்சக் கட்டணம் 0.00001 எக்ஸ்ஆர்பி. அந்தக் கட்டணம் யாருக்கும் போகாமல் எரிக்கப்படுகிறது, அதாவது நிரந்தரமாக அழிக்கப்படுகிறது. 10 லட்சம் பரிவர்த்தனை நடந்தாலும் எரிவது 10 எக்ஸ்ஆர்பிதான். தொடக்கத்திலேயே உருவாக்கப்பட்டவையோ 10,000 கோடி. ஆக, நெட்வொர்க்கில் எவ்வளவு கூட்டம் கூடினாலும் எரிப்பதால் மட்டும் காயின் அரிதாகிவிடாது. இரண்டு நாணயங்களுக்கு நடுவே பாலமாக மக்கள் அதைக் கையில் வைத்திருந்தால்தான் தேவை கூடும். எக்ஸ்ஆர்பியோடு நெருங்கிய தொடர்புள்ள ரிப்பிள் நிறுவனமே 2024 டிசம்பரில் டாலருக்கு இணையான ஒரு ஸ்டேபிள்காயினைக் கொண்டுவந்துவிட்டது. பாலத்தின் வேலையை அது பங்குபோடும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

எத்தீரியத்திலும் இதே முடிச்சு உண்டு. 2021 ஆகஸ்டிலிருந்து ஒவ்வொரு பரிவர்த்தனையின் அடிப்படைக் கட்டணமும் எரிக்கப்படுகிறது. 2022 செப்டம்பரில் மைனிங்கை (கணினிச் சக்தியைச் செலவழித்துப் பிளாக் சேர்ப்பது) கைவிட்டு ஸ்டேக்கிங்குக்கு (காயினை ஈடாகப் பூட்டிவைத்துப் பிளாக் சேர்ப்பது) மாறியபோது புதிதாக அச்சாகும் ஈத்தரும் (எத்தீரியத்தின் காயின்) வெகுவாகக் குறைந்தது. கொஞ்ச காலம் மொத்த இருப்பு சுருங்கவும் செய்தது. 2024 மார்ச்சில் வந்த டென்கன் மேம்பாடு, ரோல்அப் எனப்படும் இரண்டாம் தளங்களுக்குத் தனியாக மலிவான இடம் ஒதுக்கியது. பயனாளிகளின் கட்டணம் பல மடங்கு சரிந்தது, எரிவதும் அதோடு சரிந்தது, இருப்பு மறுபடி மெல்ல ஏறத் தொடங்கியது. பயன்படுத்துபவருக்கு நல்லது. காயினைப் பிடித்து வைத்திருப்பவருக்கு அது அத்தனை நல்லதல்ல.

வரிசை கேட்டதால் எங்கள் கணிப்பையும் சொல்லிவிடுகிறோம். நிலைத்திருக்கும் வாய்ப்பில் பிட்காயின் முதலிடம். வேறு எதுவும் செய்யாமல் ஒரே வேலையைச் செய்வதால் அதைப் பின்தள்ளப் புதிய தொழில்நுட்பம் மட்டும் போதாது. அடுத்தது எத்தீரியம், அதன் மேல் கட்டப்பட்டவை அவ்வளவு அதிகம். சொலானா நிற்கும் என்றே தோன்றுகிறது. ஆனால் நிரல் ஓடும் தளங்களுக்கிடையே போட்டி கடுமை, கட்டணம் இன்னும் மலிவான ஒன்று வந்தால் கூட்டம் நகர்ந்துவிடும். எக்ஸ்ஆர்பியில் லெட்ஜர் நிற்கும். காயினுக்குத் தேவை எங்கிருந்து வரும் என்பதற்கு மற்ற மூன்றைவிட அங்கே விடை பலவீனமாக இருக்கிறது.

கேள்வி: ஷிபா இனு மிக மலிவாகக் கிடைக்கிறது. பிட்காயின் போல ஒரு நாள் 1 டாலரையாவது தொடாதா?

பதில்: தொடாது. கணக்கே சொல்லும். சுழற்சியில் இருக்கும் ஷிபா ஏறக்குறைய 589 லட்சம் கோடி. ஒன்று 1 டாலர் என்றால் மொத்தச் சந்தை மதிப்பு 589 லட்சம் கோடி டாலர். உலக நாடுகள் எல்லாம் சேர்ந்து ஓராண்டில் உற்பத்தி செய்வதன் மதிப்பே 100 லட்சம் கோடி டாலரைச் சற்றுத் தாண்டித்தான் நிற்கிறது.

ஒரு காயினின் விலையை மட்டும் பார்த்து மலிவு, விலை அதிகம் என்று சொல்வதில் பொருளில்லை. விலையை எண்ணிக்கையால் பெருக்கிப் பாருங்கள், அதுதான் ஒப்பிட வேண்டிய தொகை. பிட்காயினையும் முழுதாக வாங்க வேண்டியதில்லை, ஒரு பிட்காயினில் 10 கோடி சடோஷி இருக்கிறது.

கேள்வி: பிட்காயின் மைனிங் பரிசு குறைந்துகொண்டே வந்து ஒரு நாள் பூஜ்யமாகும் என்கிறார்கள். பிறகு நெட்வொர்க்கை யார் காப்பாற்றுவார்கள்?

பதில்: பிட்காயினைப் பற்றிக் கேட்க வேண்டியவற்றிலேயே கனமான கேள்வி இது.

ஒவ்வொரு 2,10,000 பிளாக்குக்கும் ஒருமுறை பரிசு பாதியாகிறது, இதற்கு ஹால்விங் என்று பெயர். 2009-ல் ஒரு பிளாக்குக்கு 50, 2012-ல் 25, 2016-ல் 12.5, 2020-ல் 6.25, 2024 ஏப்ரலில் 3.125. நாளுக்குச் சுமார் 144 பிளாக் என்பதால் புதிதாக வருவது 450 பிட்காயின். அடுத்த முறை அது 225 ஆகும். 2.1 கோடியில் 93.75 விழுக்காடு 2024 ஏப்ரலுக்குள்ளேயே வெளியாகிவிட்டது. கடைசித் துளி வர 2140 வாக்கில் ஆகும். சிக்கல் அதற்கு வெகு முன்பே வந்துவிடும், ஏனென்றால் இன்னும் நான்கைந்து ஹால்விங்கில் பரிசு மிகச் சிறியதாகிவிடும்.

அந்த இடத்தைப் பரிவர்த்தனைக் கட்டணம் நிரப்ப வேண்டும் என்பதே திட்டம். கட்டணமோ மழை மாதிரி, பெய்தால் கொட்டும், இல்லையென்றால் காயும். 2024 ஏப்ரலில் 8,40,000-ஆவது பிளாக்கில் கட்டணமாக மட்டும் 37 பிட்காயினுக்கு மேல் சேர்ந்தது. ரூன்ஸ் என்ற டோக்கன் முறை அன்று தொடங்கியதால் வந்த நெரிசல் அது. நெரிசல் இல்லாத நாட்களில் ஒரு பிளாக்கின் மொத்தக் கட்டணம் ஒரு பிட்காயினின் சிறு பங்கைத் தாண்டுவதில்லை.

வருமானம் குறைந்தால் நெட்வொர்க் உடனே நின்றுவிடாது. லாபமில்லாத மைனர்கள் இயந்திரத்தை அணைப்பார்கள். 2,016 பிளாக்குக்கு ஒருமுறை மைனிங்கின் கடினத்தன்மை தானாகச் சரிசெய்யப்படும், மீதி இருப்பவர்கள் தொடர்வார்கள். ஆனால் தாக்குவதற்கு ஆகும் செலவும் கூடவே குறையும். கவலைப்பட வேண்டியது அதற்குத்தான்.

மற்ற காயின்கள் இதற்கு வேறு வழி எடுத்திருக்கின்றன. மொனேரோவில் 2022 ஜூனிலிருந்து ஒவ்வொரு பிளாக்குக்கும் 0.6 எக்ஸ்எம்ஆர் என்றென்றைக்கும் உண்டு. டோஜ்காயினில் நிமிடத்துக்கு 10,000 வீதம் ஆண்டுக்குச் சுமார் 525 கோடி புதிதாக வருகிறது, அதற்கு உச்சவரம்பே இல்லை. எண்ணிக்கை மாறாததால் விழுக்காட்டு வீதம் ஆண்டுதோறும் இறங்கும். காவலுக்குக் கூலி நிச்சயம், கையிருப்பு மட்டும் சிறிது சிறிதாகக் கரையும். பிட்காயின் இதற்கு நேர்மாறான பந்தயம் கட்டியிருக்கிறது. அடுத்த இரண்டு ஹால்விங்குக்குப் பிறகு கட்டணம் மைனர் வருமானத்தில் எத்தனை விழுக்காடு என்று கவனித்து வாருங்கள். விலை வரைபடத்தைவிட அந்த ஒரு எண் அதிகம் சொல்லும்.

கேள்வி: லைட்காயின், பிட்காயின் கேஷ் இரண்டும் பிட்காயினைவிட வேகம், கட்டணமும் குறைவு. ஏன் முந்தவில்லை?

பதில்: வேகமும் மலிவும் எவரும் நகலெடுக்கக்கூடிய குணங்கள். லைட்காயின் 2011-ல் வந்தது, 2.5 நிமிடத்துக்கு ஒரு பிளாக், 8.4 கோடி காயின் உச்சவரம்பு. பிட்காயின் கேஷ் 2017 ஆகஸ்ட் 1 அன்று பெரிய பிளாக்கோடு பிரிந்தது. இரண்டும் சொன்னபடி வேலை செய்கின்றன. ஆனால் மலிவாக அனுப்ப விரும்பியவர்களில் பெரும்பாலோர் விலை ஏறி இறங்காத ஸ்டேபிள்காயினுக்குப் போய்விட்டார்கள். சேமிக்க விரும்பியவர்கள் பிட்காயினிலேயே நின்றுவிட்டார்கள். நடுவில் மிஞ்சிய இடம் குறுகலானது.

பாதுகாப்பிலும் ஒரு வேறுபாடு இருக்கிறது, அதை அதிகம் பேர் பேசுவதில்லை. ஒரே மைனிங் முறையைப் பகிரும் இரண்டு காயின்களில் சிறியதற்கு எப்போதும் ஆபத்து. பெரியதற்காக வாங்கிய இயந்திரங்களைச் சில மணி நேரம் திருப்பினாலே சிறியதில் பாதிக்கு மேல் கணினிச் சக்தி கிடைத்துவிடும். அப்படிச் செய்து, செலவழித்த காயினையே மறுபடி செலவழிக்கலாம். 2018 மே மாதம் பிட்காயின் கோல்டிலும், 2019 ஜனவரியிலும் 2020 ஆகஸ்டிலும் எத்தீரியம் கிளாசிக்கிலும் இதுதான் நடந்தது. பிட்காயின் கேஷ், பிட்காயினின் அதே முறையில் சிறுபான்மைச் சக்தியோடு ஓடுகிறது. லைட்காயின் தன் முறையில் பெரியது. 2014-லிருந்து டோஜ்காயினும் அதே இயந்திரங்களில் சேர்த்தே மைனிங் செய்யப்படுவதால் இரண்டும் ஒரே காவலைப் பகிர்கின்றன. நீடிப்பதை மட்டும் வைத்துப் பார்த்தால் லைட்காயினுக்கு எங்கள் ஓட்டு. சிறு காயினில் பெருந்தொகை வாங்குபவர் ஓரிரு பிளாக்கோடு திருப்திப்படாமல் கூடுதல் உறுதிப்பாடுகளுக்கு, அதாவது மேலும் சில பிளாக் சேரும் வரை, காத்திருக்க வேண்டும்.

கேள்வி: யூஎஸ்டிடி அனுப்பும்போது டிஆர்சி20, இஆர்சி20 என்று பல கேட்கிறது. எதைத் தேர்வது? தவறாக அனுப்பினால் பணம் போய்விடுமா?

பதில்: டாலருக்கு இணையான ஸ்டேபிள்காயினான யூஎஸ்டிடி பல நெட்வொர்க்குகளில் தனித்தனியாக வெளியிடப்படுகிறது. டிஆர்சி20 என்றால் ட்ரான், இஆர்சி20 என்றால் எத்தீரியம். எது மலிவு என்று பார்ப்பதற்கு முன், பெறுபவர் எதில் வாங்க முடியும் என்று கேளுங்கள். அவருடைய எக்ஸ்சேஞ்ச் (காயின் வாங்கி விற்கும் தளம்) அல்லது வாலட் (காயினை வைத்திருக்கும் மென்பொருள்) காட்டும் நெட்வொர்க்கும் நீங்கள் தேர்வதும் ஒன்றாக இருக்க வேண்டும். மற்றதெல்லாம் பிறகு.

ட்ரான் முகவரி டி (T) எழுத்தில் தொடங்கும், எத்தீரிய முகவரி பூஜ்யம், எக்ஸ் (0x) என்று தொடங்கும். இவை இரண்டும் குழம்பாது, மென்பொருளே மறுத்துவிடும். எத்தீரியம், பிஎன்பி செயின், பாலிகன், ஆர்பிட்ரம் ஆகியவற்றில் முகவரி அச்சு அசலாக ஒன்றே என்பதால் பிழை நடப்பது அங்கேதான். சொந்த வாலட்டுக்கு அப்படி மாற்றி அனுப்பியிருந்தால் பணம் போகவில்லை. வாலட்டில் அந்த நெட்வொர்க்கைச் சேர்த்தால் தெரியும், எடுக்க அந்த நெட்வொர்க்கின் சொந்தக் காயின் கொஞ்சம் வேண்டும். எக்ஸ்சேஞ்ச் முகவரிக்கு அது ஆதரிக்காத நெட்வொர்க்கில் போயிருந்தால், பரிவர்த்தனை எண்ணோடு அவர்களிடம் கேட்பது ஒன்றே வழி. செய்து தர வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. டோக்கனின் ஒப்பந்த முகவரிக்கே (டோக்கனை இயக்கும் நிரலின் முகவரி) அனுப்பியிருந்தால் பெரும்பாலும் மீளாது.

கட்டணத்தில் கவனிக்க வேண்டியது: எத்தீரியத்தில் சாதாரண ஈத்தர் அனுப்ப 21,000 கேஸ் (கணினி வேலையை அளக்கும் அலகு). கேஸ் விலை 20 குவெய் (ஒரு குவெய் என்பது ஈத்தரில் 100 கோடியில் ஒரு பங்கு) என்றால் 0.00042 ஈத்தர். டோக்கன் அனுப்ப அதைப் போல இரண்டு, மூன்று மடங்கு கேஸ் ஆகும். ட்ரானில், பெறுபவரிடம் ஏற்கெனவே கொஞ்சம் யூஎஸ்டிடி இருந்தால் சுமார் 65,000 எனர்ஜி (ட்ரானில் கணினி வேலையின் அலகு), அவர் கணக்கு காலியாக இருந்தால் ஏறக்குறைய இரண்டு மடங்கு. எனர்ஜி இல்லாவிட்டால் அதற்குப் பதில் ட்ரானின் காயினான டிஆர்எக்ஸ் எரியும். வாலட்டில் யூஎஸ்டிடி நிறைய இருந்தும் டிஆர்எக்ஸ் இல்லாமல் அனுப்ப முடியாமல் நிற்பவர்கள் ஏராளம்.

முதலில் சிறு தொகை அனுப்பி, வந்து சேர்ந்ததை உறுதிசெய்த பிறகே மீதியை அனுப்புங்கள். முகவரியைப் பழைய பரிவர்த்தனைப் பட்டியலிலிருந்து நகலெடுக்காதீர்கள். முதல் நான்கு, கடைசி நான்கு எழுத்துகள் ஒத்திருக்கும்படி போலி முகவரி செய்து, அதிலிருந்து பூஜ்யத் தொகை அனுப்பி, உங்கள் பட்டியலில் நுழைத்து வைப்பது இப்போது பரவலான மோசடி. நடு எழுத்துகளையும் ஒப்பிடுங்கள். எக்ஸ்ஆர்பியை எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்பினால் உங்கள் கணக்கைக் காட்டும் டெஸ்டினேஷன் டேக் எண்ணையும் போட வேண்டும். அது இல்லாவிட்டால் பணம் எக்ஸ்சேஞ்சின் பொதுக் கணக்கில் யாருடையது என்று தெரியாமல் கிடக்கும்.

கேள்வி: அப்படியானால் ஸ்டேபிள்காயின்தான் எல்லாவற்றிலும் பத்திரமானதா?

பதில்: விலை ஆடாது என்ற அளவில் பயனுள்ளது. பத்திரம் என்பது பின்னால் இருக்கும் சொத்தைப் பொறுத்தது. இன்னொரு டாலர் ஸ்டேபிள்காயினான யூஎஸ்டிசியின் இருப்பில் 330 கோடி டாலர், திவாலான சிலிக்கான் வேலி வங்கியில் மாட்டிக்கொண்டபோது, 2023 மார்ச்சில் அது 88 சென்ட்டுக்கும் கீழே இறங்கியது. வைப்புத்தொகை முழுதும் கிடைக்கும் என்று அமெரிக்க அரசு அறிவித்ததும் ஓரிரு நாளில் மீண்டது. சொத்து உண்மையில் இருந்ததால்தான் மீள முடிந்தது.

டெர்ராயூஎஸ்டி என்ற ஸ்டேபிள்காயின் மீளவில்லை. அதன் பின்னால் பெரும்பாலும் லூனா என்ற இன்னொரு காயினை அச்சிடும் உரிமைதான் இருந்தது. ஆங்கர் என்ற திட்டம் ஏறக்குறைய 20 விழுக்காடு வட்டி தந்து பணத்தை ஈர்த்தது. 2022 மே மாதம் எல்லோரும் ஒரே நேரத்தில் வெளியேற முயன்றபோது, ஒரு டாலரைக் காப்பாற்ற மேலும் மேலும் லூனா அச்சானது. சில நாட்களில் லூனாவின் எண்ணிக்கை சுமார் 35 கோடியிலிருந்து 6.5 லட்சம் கோடிக்குப் போயிற்று. ஸ்டேபிள்காயினை ஒப்பிடும்போது இருப்பு ரொக்கமா, குறுகிய கால அரசுப் பத்திரமா, தணிக்கை அல்லது சான்றறிக்கை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை, வெளியிட்டவரிடமே நேரடியாக மாற்ற யாருக்கு உரிமை என்று பாருங்கள். யூஎஸ்டிடி, யூஎஸ்டிசி இரண்டையும் வெளியிட்ட நிறுவனம் குறிப்பிட்ட முகவரியில் முடக்க முடியும். பிட்காயினில் அந்தப் பொத்தான் கிடையாது.

கேள்வி: சொலானா பலமுறை நின்றுபோயிருக்கிறதே, அதை எப்படி நம்புவது?

பதில்: 2021 செப்டம்பரில் தானியங்கி நிரல்களின் வெள்ளத்தால் சுமார் 17 மணி நேரம் நின்றது. 2024 பிப்ரவரி 6 அன்று மென்பொருள் பிழையால் ஏறக்குறைய 5 மணி நேரம். சரிபார்ப்பவர்கள் ஒன்றுகூடி, கடைசியாக உறுதியான ஸ்லாட்டை முடிவுசெய்து, மறுபடி ஓட்ட வேண்டியிருந்தது. யாருடைய இருப்பும் தொலையவில்லை. ஆனால் கடனுக்கு அடமானம் வைத்தவர் அந்த நேரத்தில் கூடுதல் ஈடு கட்ட முடியாது, அதுதான் நிற்பதன் நஷ்டம்.

காரணம், எல்லோரும் ஏறக்குறைய ஒரே மென்பொருளை ஓட்டியது. 2023 மே மாதம் எத்தீரியத்திலும் சில மென்பொருள்கள் திணறின. வேறு குழுக்கள் எழுதிய மென்பொருள்கள் இருந்ததால் பிளாக் வருவது நிற்கவில்லை, இறுதி உறுதிப்பாடு மட்டும் தாமதமானது. சொலானாவுக்கு ஃபயர்டான்சர் என்ற தனி மென்பொருளை அடியிலிருந்து எழுதியது இதற்காகத்தான். எத்தனை பங்கு ஸ்டேக் அதில் ஓடுகிறது என்பதே நம்பிக்கையின் அளவுகோல்.

கேள்வி: ஒரு காயின் ஸ்டேக்கிங்குக்கு 9 விழுக்காடு தருகிறது, எத்தீரியம் சுமார் 3 தான். முதலாவதுதானே மேல்?

பதில்: அந்த 9 எங்கிருந்து வருகிறது? 100 காயின் இருக்கும் நெட்வொர்க் ஆண்டுக்கு 6 புதிதாக அச்சிடுகிறது, மூன்றில் இரண்டு பங்கு ஸ்டேக் ஆகியிருக்கிறது என்றால் 9 விழுக்காடு வந்துவிடும். மொத்தமும் 106 ஆகிவிடுவதால் உங்கள் பங்கு கூடுவது 2.8 விழுக்காடுதான். ஸ்டேக் செய்யாதவர் பங்கு 5.7 விழுக்காடு தேயும். வட்டியிலிருந்து பணவீக்கத்தைக் கழித்துவிட்டு ஒப்பிடுங்கள். எடுக்க எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்பதையும் சேர்த்து.

கேள்வி: குவாண்டம் கணினி வந்தால் எல்லாக் காயினும் ஒரே அடியில் போய்விடுமா?

பதில்: உடைவது, காயின் உங்களுடையது என்று நிரூபிக்கும் டிஜிட்டல் கையொப்பம். அதைச் சரிபார்க்கும் எண்ணான பொது விசை வெளியே தெரிந்த முகவரிகளுக்கே முதல் ஆபத்து: பிட்காயினின் ஆரம்ப கால முகவரிகள், டாப்ரூட் என்ற புதிய வகை முகவரிகள், ஒருமுறை செலவழித்துவிட்டு மறுபடி பயன்படுத்தும் முகவரிகள். ஆகவே ஒரே முகவரியைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள். மாற்றுக் கையொப்ப முறைகளை அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2024 ஆகஸ்டில் தரப்படுத்திவிட்டது. இடம்தான் இடிக்கிறது: இப்போது சுமார் 70 பைட் பிடிக்கும் கையொப்பம், அவற்றில் ஒன்றில் 2,420 பைட் ஆகிறது. ஒரு பிளாக்கில் கொள்ளும் பரிவர்த்தனை வெகுவாகக் குறையும். விதி மாற்றுவது பிட்காயினில் மெதுவாக நடக்கும், எத்தீரியத்தில் வழக்கமாக நடக்கிறது. இந்த ஒரு விஷயத்தில் எத்தீரியம் முன்னால் நிற்கிறது என்பது எங்கள் எண்ணம்.

கேள்வி: புதிதாக வரும் ஒரு காயினை மற்றதோடு ஒப்பிட, நாமே செய்யக்கூடிய சோதனை ஏதாவது உண்டா?

பதில்: முதலில் சுழற்சியில் உள்ளதையும் மொத்தத்தையும் பாருங்கள். மொத்தம் 100 கோடி, சுழற்சியில் 10 கோடி, விலை 2 டாலர் என்று வைத்துக்கொள்வோம். சந்தை மதிப்பு 20 கோடி டாலர், எல்லாம் வெளிவந்தால் 200 கோடி டாலர். முதலீட்டாளருக்கும் நிறுவனருக்கும் ஒதுக்கியது வழக்கமாக ஓராண்டு பூட்டுக்குப் பிறகு மாதாமாதம் அவிழும். மாதம் 1.5 கோடி அவிழ்ந்தால் சுழற்சியில் 15 விழுக்காடு கூடுதலாக விற்பனைக்கு வருகிறது. அதை வாங்க யார் இருக்கிறார்கள்?

பிறகு பிளாக் எக்ஸ்ப்ளோரரில் (நெட்வொர்க்கின் பதிவுகளை யாரும் பார்க்கக்கூடிய இணையதளம்) ஒப்பந்தத்தைத் திறந்து, முதல் 10 முகவரிகள் எத்தனை விழுக்காடு வைத்திருக்கின்றன என்று பாருங்கள், எக்ஸ்சேஞ்சின் முகவரிகளைக் கழித்துவிட்டு. புதிதாக அச்சிடவும், பரிமாற்றத்தை நிறுத்தவும், நிரலையே மாற்றவும் உரிமை ஒரே சாவியில் இருந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். அடுத்து, நெட்வொர்க் ஒரு மாதத்தில் ஈட்டும் கட்டணத்தையும், பயனாளிகளை இழுக்க அது பரிசாக இறைக்கும் டோக்கனின் மதிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். இரண்டாவது பெரியதாக இருந்தால், பரிசு நின்றதும் கூட்டமும் கலையும். கடைசியாக, மிகச் சிறு தொகைக்கு வாங்கி உடனே விற்றுப் பாருங்கள். வாங்க மட்டும் விட்டு விற்க விடாத ஒப்பந்தங்கள் நிறைய உலவுகின்றன. விற்க முடிந்தாலும், பெருந்தொகைக்காரர் நாளை அதே விதியைத் தனக்குச் சாதகமாக மாற்றிவிட முடியுமா என்று அந்தச் சாவியை இன்னொரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.